புரோட்டீன் பவுடர்: டப்பாவா, தட்டா?

ஜிம்மில் சேர்ந்த ஒருவரிடம் முதல் மாதம் முடிவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "என்ன புரோட்டீன் எடுக்கிறீங்க?" ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், போன வாரத்தைவிட இந்த வாரம் எவ்வளவு வெயிட் கூட்டினீர்கள் என்றெல்லாம் கேட்பவர்கள் குறைவு. ஏதோ ஒரு டப்பா வாங்கித்தான் ஆக வேண்டும், எந்த டப்பா என்பதுதான் பாக்கி என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வாங்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் பார்க்கலாம்.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு மூன்று நான்கு நாள் எடைப் பயிற்சி செய்கிற, முட்டை, பால், மீன், இறைச்சி என்று எல்லாம் சாப்பிடுகிற, ஆரோக்கியமான ஆளுக்குப் புரோட்டீன் பவுடர் தேவையில்லை. சைவம் மட்டும் சாப்பிடுபவருக்கும், எடையைக் குறைத்துக்கொண்டிருப்பவருக்கும், வேலைக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்காதவருக்கும் அது நல்ல வசதி. தினமும் மூன்று ஸ்கூப் (டப்பாவோடு வரும் அளவுக் கரண்டி), அதோடு இன்னும் நாலு டப்பா என்று போவது அநேகமாக எல்லோருக்குமே வீண்.

ஆக, ஒப்பிட வேண்டியது மூன்று வழிகளை: சாப்பாட்டிலேயே முடித்துக்கொள்வது, சாப்பாட்டோடு ஒரு ஸ்கூப் சேர்ப்பது, டப்பாக்களை நம்பியே உடம்பு ஏற்றுவது. மூன்றையும் எடை போட ஒரு அளவுகோல் வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்பதே அந்த அளவுகோல்.

எவ்வளவு போதும்?

பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் என்பது பல நாடுகளில் புழங்கும் பரிந்துரை. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கை 0.83 என்கிறது. புரதக் குறைவு வராமல் உடம்பைக் காப்பதற்கான அளவு இது. தசையை வளர்க்க நினைப்பவரை மனதில் வைத்துப் போட்ட கணக்கு இல்லை. அதனால் "0.8 போதும், ஜிம்காரர்கள் சும்மா அலட்டிக்கொள்கிறார்கள்" என்று சொல்வதும் சரியில்லை.

மறுபக்கம், "கிலோவுக்கு மூன்று கிராம் எடு" என்று சொல்லும் ட்ரெய்னர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதற்கு ஓரளவு தெளிவான விடை 2018-ல் வந்தது. எடைப் பயிற்சியோடு புரதச் சத்துப்பொருளும் கொடுத்துப் பார்த்த 49 ஆய்வுகளை, மொத்தம் 1,863 பேரின் தரவுகளை, ஒன்றாகத் திரட்டி அலசிய கட்டுரை அது. பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் இதழில் வெளியானது. நாளுக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 1.6 கிராம் வரை புரதம் கூடக் கூடத் தசைக்கு லாபம் இருந்தது. அதற்கு மேல் போனால் சராசரியாகக் கூடுதல் லாபம் தெரியவில்லை. ஆளுக்கு ஆள் இது மாறும். அந்த 1.6-ஐச் சுற்றியிருக்கும் நிச்சயமின்மையின் எல்லை 1.0-இலிருந்து 2.2 வரை அகலமானது. சர்வதேச விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கம் 2017-ல் சொன்ன 1.4 முதல் 2.0 கிராம் என்பதும் இதே வட்டாரம்தான்.

அதே ஆய்வில் டப்பா விற்பவர்கள் எடுத்துச் சொல்லாத இன்னொரு எண் இருக்கிறது. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சராசரியாக 1.1 கிலோ அளவுக்குக் கொழுப்பற்ற எடை கூடியது. புரதத்தையும் கூடுதலாகக் கொடுத்தபோது அதற்கு மேல் சேர்ந்தது 0.3 கிலோ. அதிகபட்சமாக ஒருமுறை தூக்கும் எடையிலும் இதே கதைதான்: பயிற்சியால் ஏறியது சுமார் 27 கிலோ, புரதம் கூட்டியது சுமார் இரண்டரைக் கிலோ. லாபம் உண்மை, ஆனால் சிறியது. பெரும்பங்கு வேலையை நீங்கள் தூக்கும் இரும்புதான் செய்கிறது.

70 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இதை வைத்துக் கணக்குப் போட்டால், 0.8-க்கு 56 கிராம், 1.2-க்கு 84 கிராம், 1.6-க்கு 112 கிராம். உடற்கட்டுப் போட்டி மேடை ஏறும் எண்ணமில்லாமல், ஆரோக்கியத்துக்காகவும் சட்டை பொருந்துவதற்காகவும் ஜிம்முக்குப் போகிறவர் 84-க்கும் 112-க்கும் நடுவில் எங்கே நின்றாலும் மோசமில்லை. உடம்பில் கொழுப்பு அதிகம் இருந்தால் இப்போதைய எடையை வைத்துப் பெருக்க வேண்டாம், எட்ட நினைக்கும் எடையை வைத்துப் பெருக்குங்கள். 110 கிலோ ஆள் 176 கிராம் புரதத்தைத் தேடி அலைய வேண்டிய அவசியமில்லை.

தட்டில் இருப்பதை எண்ணிப் பார்த்தால்

பெரும்பாலானோர் இதைச் செய்வதே இல்லை. சாப்பாட்டில் எவ்வளவு புரதம் வருகிறது என்று தெரியாமலேயே "போதவில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதனால் ஒரு நாளை எடுத்து உட்கார்ந்து எண்ணிவிடுவோம். அதே 70 கிலோ ஆள்தான்.

காலையில் மூன்று முட்டை: முட்டைக்கு 6 கிராம் வீதம் 18. ஒரு பெரிய கோப்பை பால், 250 மில்லி: 8. கூட ஏதோ ஒரு தானிய உணவு: 4. மொத்தம் 30. மதியம் வேகவைத்த பருப்போ கொண்டைக்கடலையோ 200 கிராம்: 18. தானியம்: 8. ஒரு கிண்ணம் தயிர்: 7. மொத்தம் 33. சாயங்காலம் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, இன்னொரு கோப்பை பால்: 16. ராத்திரி சமைத்த கோழி நெஞ்சுக்கறி 120 கிராம்: 36. தானியம்: 6. ஆக 42. நாள் முழுவதும் கூட்டினால் 121 கிராம். டப்பாவைத் திறக்காமலே இலக்கைத் தாண்டியாகிவிட்டது. இதில் எதுவும் விசேஷச் சாப்பாடு இல்லை, அளவும் மலைக்கிற அளவு இல்லை.

இப்போது ராத்திரிக் கோழியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு 200 கிராம் வெந்த பருப்பு வைத்தால் 103 ஆகிறது. அப்போதும் கவலையில்லை. காலை முட்டையையும் எடுத்துவிட்டால் 85. சைவம் சாப்பிடும் ஜிம்காரர் நிற்கும் இடம் இதுதான், அதுவும் பருப்பையும் பாலையும் இந்த அளவுக்கு ஒழுங்காகச் சாப்பிட்டால். 112-க்கு 27 கிராம் குறைகிறது. இதற்கு மட்டும்தான் பவுடர் விடை சொல்ல முடியும். 27 கிராம் என்பது ஒரு ஸ்கூப் பவுடர் தரும் 24 கிராமுக்குச் சற்று அதிகம். அதையே 50 கிராம் உலர்ந்த சோயா துண்டுகளும் தரும். உலர்ந்த எடையில் பாதிக்குச் சற்று அதிகமாகவே அதில் புரதம்தான்.

மேலே போட்டிருப்பதெல்லாம் சராசரிக் கணக்கு. உங்கள் கோப்பையும் கிண்ணமும் என் கணக்கில் இருப்பதைவிடச் சிறியதாக இருக்கலாம். அதனால் மூன்று நாள், அதில் ஒன்று விடுமுறை நாளாக இருக்கட்டும், சாப்பிட்டதை அப்படியே எழுதிக் கூட்டிப் பாருங்கள். வெந்த பருப்பையும் காய்ந்த பருப்பையும் மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 100 கிராம் காய்ந்த பருப்பில் 24 கிராம் வாக்கில் புரதம் இருக்கும். வெந்தபின் தண்ணீர் ஏறிவிடுவதால் அதே 100 கிராமில் 9 கிராம்தான். இணையத்தில் சுற்றும் பல சைவப் புரதப் பட்டியல்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

வேர்க்கடலை பற்றியும் ஒரு வார்த்தை. 100 கிராமில் 25 கிராம் புரதம் இருப்பது நிஜம், ஆனால் கூடவே 560 கலோரிக்கு மேல் வருகிறது. அது நல்ல கொழுப்பு உணவு. புரதம் அதில் உபரி. வேர்க்கடலையை வைத்தே 27 கிராம் பள்ளத்தை நிரப்பப் போனால் 600 கலோரி உள்ளே போய்விடும். உடம்பு ஏற்ற நினைக்கும் ஒல்லி ஆளுக்கு அது வரம், தொப்பையைக் குறைக்க வந்தவருக்குத் தலைவலி.

சாப்பாட்டு வழிக்கு இன்னொரு பலமும் உண்டு. 2017-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், பயிற்சி முடித்த இளைஞர்களுக்கு ஒரு தடவை முழு முட்டையும் இன்னொரு தடவை வெள்ளைக்கரு மட்டுமாகவும் கொடுத்தார்கள். இரண்டிலும் புரதம் ஒரே அளவு, 18 கிராம். ஆனாலும் முழு முட்டை சாப்பிட்டபோது தசைப் புரத உருவாக்கம் கூடுதலாக இருந்தது. பத்துப் பேரை வைத்து நடந்த ஆய்வு என்பதால் ரொம்பத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். ஆனால் மஞ்சள்கருவைக் குப்பையில் போட்டுவிட்டு டப்பாவைத் தேடுகிறவர் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்த வழியின் பலவீனமும் தெரிந்ததுதான்: சமைக்க வேண்டும், கையோடு எடுத்துப் போக வேண்டும், பசி இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஜிம், எட்டு மணிக்கு வேலை என்று ஓடுகிறவரிடம் மூன்று முட்டை வேகவையுங்கள் என்று சொல்வது சுலபம்.

ஒரு ஸ்கூப்பின் இடம்

வே புரோட்டீன் என்பது ஒன்றும் ரசாயன மாயம் இல்லை. பாலைத் திரித்துச் சீஸ் செய்யும்போது பிரிந்து வரும் தெளிந்த நீரை வடிகட்டி, உலர்த்தி, சுவை சேர்த்துப் பொடியாக்கியது. பாலில் உள்ள புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசின், மீதி 20 சதவீதம் வே. கேசின் வயிற்றில் கட்டியாகி மெதுவாகச் செரிக்கும். வே சீக்கிரம் செரித்து, புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்களை ரத்தத்தில் வேகமாக ஏற்றும். தசையை வளர்க்கும் இயக்கத்தை முடுக்கிவிடும் லியூசின் என்கிற அமினோ அமிலமும் வேயில் அதிகம், புரதத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு. அதனால் தரத்தில் குறை சொல்ல முடியாது.

கான்சன்ட்ரேட், ஐசோலேட் என்று இரண்டு பெயர் பார்ப்பீர்கள். சுவையும் இனிப்பும் சேர்ப்பதற்கு முந்தைய நிலையில், வழக்கமான கான்சன்ட்ரேட்டில் 80 சதவீதம் வரையிலும் ஐசோலேட்டில் 90 சதவீதம் அல்லது அதற்கு மேலும் புரதம் இருக்கும். ஐசோலேட்டில் பால் சர்க்கரையான லாக்டோஸ் மிகக் குறைவு. பால் குடித்தால் வயிறு உப்புகிறவர், வாயு பிரிகிறவர் மட்டும் ஐசோலேட்டுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். மற்றவர்களுக்குத் தசையில் தெரியும் வித்தியாசம் எதுவுமில்லை. பால் பொருளே வேண்டாம் என்பவர்களுக்குப் பட்டாணி, சோயா, அரிசிப் புரதங்கள் இருக்கின்றன. சுவை பிடிக்க நாளாகும், ஆனால் வேலை செய்கின்றன. 2021-ல் வெளியான ஓர் ஆய்வில் முழுத் தாவர உணவு சாப்பிடும் இளைஞர்களையும் அசைவம் சாப்பிடுபவர்களையும் 12 வாரம் எடைப் பயிற்சி செய்ய வைத்து, முன்னவர்களுக்குச் சோயா, பின்னவர்களுக்கு வே என்று கொடுத்து இரு தரப்பையும் 1.6 கிராம் இலக்குக்குக் கொண்டுவந்தார்கள். தசையிலும் பலத்திலும் இரு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை.

அப்புறம் அந்த அரைமணி நேரக் கணக்கு. கடைசி செட் முடிந்த கையோடு ஷேக்கரைக் குலுக்கிக் குடிக்காவிட்டால் பயிற்சி வீணாகிவிடும் என்ற பயம் இன்னமும் இருக்கிறது. 2013-ல் இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நாள் முழுவதும் சாப்பிட்ட மொத்தப் புரதத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் நேரத்தின் மகிமை காணாமல் போனது. பயிற்சி முடிந்து ஒரு நாளைக்கு மேலும் தசை புரதத்துக்குக் காத்திருக்கும். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சாப்பிடலாம். ஒருவேளைக்கு 30 கிராமுக்கு மேல் உடம்பில் ஒட்டாது என்பதும் இப்படித்தான். 2023-ல் 25 கிராமையும் 100 கிராமையும் ஒப்பிட்ட ஆய்வில், 100 கிராம் எடுத்தவர்களின் உடம்பு அதைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நிதானமாகப் பயன்படுத்திக்கொண்டது. மூன்று நான்கு வேளையாகப் பிரித்துச் சாப்பிடுவது செரிமானத்துக்கு இதம், அவ்வளவுதான்.

ஒரு ஸ்கூப் நிஜமாகவே கைகொடுக்கும் இடம் எடைக் குறைப்பு. சாப்பாட்டைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரையும்; அதைத் தடுக்கப் புரதம் கூடுதலாக வேண்டும், ஆனால் கலோரிக்கு இடமில்லை. 2016-ல் ஓர் ஆய்வில் 40 இளைஞர்களின் சாப்பாட்டை அவர்களுடைய தேவையில் 40 சதவீதம் குறைத்து, கடுமையான பயிற்சியும் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில், கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் எடுத்தவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்து 1.2 கிலோ கொழுப்பற்ற எடையைக் கூட்டினார்கள். 1.2 கிராம் எடுத்தவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்தார்கள், கொழுப்பற்ற எடை கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. இப்படிக் கறாராகக் குறைக்கும்போது 120 கலோரியில் 24 கிராம் புரதம் தரும் ஒரு ஸ்கூப்புக்கு ஈடான சைவ உணவு கிடைப்பது கடினம். அதே நேரம், குடிக்கிற புரதம் மென்று சாப்பிடும் புரதம் அளவுக்கு வயிற்றை நிரப்பாது. பசியை அடக்குவதுதான் உங்கள் பிரச்சினை என்றால் அந்த இடத்தில் முட்டையோ கோழியோ ஜெயிக்கும்.

அறுபதைத் தாண்டி ஜிம்முக்கு வருகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் சேர்த்தி. வயதான தசைக்கு அதே விளைவைப் பெற ஒருவேளைக்கு அதிகப் புரதம் வேண்டியிருக்கிறது, பசியோ குறைந்துகொண்டே போகிறது. இளைஞர்களுக்கு விளம்பரம் செய்யப்படும் டப்பா உண்மையில் அதிகம் உதவுவது இவர்களுக்குத்தான். அதை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

டப்பாவை நம்பியே

மூன்றாவது வழியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சாப்பாட்டிலேயே 121 கிராம் வருகிற ஆள் மேலே இரண்டு ஸ்கூப் போட்டால், அந்த 48 கிராமை உடம்பு எரித்து ஆற்றலாக்கும் அல்லது சேமித்து வைக்கும். அதுவும் கலோரிதான். ஸ்கூப்புக்காகச் சாப்பாட்டைக் குறைத்தாலோ நார்ச்சத்து, இரும்பு, நல்ல கொழுப்பு எல்லாம் கூடவே குறையும். மலச்சிக்கல் முதலில் வந்து நிற்கும்.

உடல் எடையைக் கூட்ட விற்கப்படும் மாஸ் கெயினர் என்ற பெரிய டப்பாவில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற மாவுச்சத்து. பாலும் வாழைப்பழமும் வேர்க்கடலை வெண்ணெயும் சேர்த்து மிக்ஸியில் அடித்தால் அதைவிட நல்லது கிடைக்கும். லியூசின் உள்ளிட்ட மூன்று அமினோ அமிலங்களை மட்டும் கொண்ட பிசிஏஏ இன்னும் மோசம். உடம்பால் தானே செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அதில் மூன்றை மட்டும் தனியாகக் குடித்துத் தசை கட்ட முடியாது. போதுமான புரதம் சாப்பிடுகிறவருக்கு அந்த மூன்றும் ஏற்கெனவே கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். கலர் தண்ணீருக்குக் காசு.

ஒரே ஒரு விலக்கு கிரியேட்டின். அது புரதம் இல்லை, தசைக்குச் சட்டென்று ஆற்றல் கிடைக்க உதவும் ஒரு பொருள், வேறு கதை. ஆனால் ஏதாவது ஒரு டப்பாதான் வாங்குவேன் என்று அடம்பிடிக்கிறவர், சாப்பாட்டில் புரதம் சரியாக வருகிறது என்றால், நாளுக்கு 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் எடுப்பது இரண்டாவது ஸ்கூப்பைவிட உருப்படியான செலவு. பலத்தைக் கூட்டுவதில் அதற்கு இருக்கும் ஆதாரம் மிக உறுதியானது.

லேபிளும் அதன் பின்னாலும்

ஒரு ஸ்கூப் சேர்ப்பது என்று முடிவெடுத்துவிட்டால், முன்பக்கப் பெரிய எழுத்துகளை விட்டுவிட்டு டப்பாவைத் திருப்புங்கள். ஒரு ஸ்கூப் எத்தனை கிராம், அதில் புரதம் எத்தனை கிராம் என்ற இரண்டு எண் போதும். ஸ்கூப் 33 கிராம், புரதம் 24 கிராம் என்றிருந்தால் 24-ஐ 33-ஆல் வகுத்தால் 73 சதவீதம். சுவையூட்டிய கான்சன்ட்ரேட்டுக்கு இது நியாயமான எண். ஸ்கூப் 150 கிராம், புரதம் 30 கிராம் என்றால் 20 சதவீதம்; நீங்கள் வாங்குவது மாவு. விலையை ஒப்பிடுவதும் இப்படித்தான்: டப்பாவின் விலையை உள்ளே இருக்கும் மொத்தப் புரத கிராமால் வகுத்து, முட்டைக்கும் பாலுக்கும் பருப்புக்கும் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பருப்பு அநேகமாக ஜெயித்துவிடும். பவுடர் இறைச்சியைவிட மலிவாக இருப்பதும் உண்டு, அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் லேபிளில் உள்ள எண்ணே பொய்யாக இருக்கலாம். உணவில் புரதத்தை அளக்கும் பழைய முறை, 1883-ல் டென்மார்க்கின் யோஹான் ஷெல்டால் உருவாக்கியது, புரதத்தை நேராக அளப்பதில்லை; நைட்ரஜனை அளந்து ஒரு எண்ணால் பெருக்குகிறது. நைட்ரஜன் உள்ள வேறு மலிவுப் பொருளைக் கலந்தால் சோதனை ஏமாந்துவிடும். 2008-ல் சீனாவில் குழந்தைகளுக்கான பால் மாவில் மெலமைன் கலந்தவர்கள் இந்த ஓட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டுக் குழந்தைகள் இறந்தார்கள். புரோட்டீன் டப்பாக்களில் அந்த அளவுக்கு விபரீதமில்லாத ஒரு வடிவம் உண்டு: கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைச் சேர்த்து எண்ணிக்கையை ஏற்றிக் காட்டுவது. மூலப்பொருள் பட்டியலில் இவை தனியாகத் தலைகாட்டினால் அந்த டப்பாவைக் கீழே வைத்துவிடலாம்.

கலப்படம் இதோடு நிற்பதில்லை. 13 நாடுகளில் வாங்கிய 634 சத்துப்பொருள்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2004-ல் வெளியானது. ஹார்மோன் பொருள் என்று லேபிளில் எங்கும் சொல்லாதவற்றில், 94 பொருள்களில் தசை வளர்க்கும் ஸ்டீராய்டு வகைகள் இருந்தன; ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய பொருள்களைச் சந்தைக்கு விடுவதற்கு முன் அரசின் ஒப்புதல் வாங்கத் தேவையே இல்லை. எனவே போட்டிகளில் கலந்துகொண்டு ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படுகிறவர், இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், என்எஸ்எஃப் சர்டிஃபைடு ஃபார் ஸ்போர்ட் போன்ற வெளியார் சோதனை முத்திரை இல்லாத டப்பாவைத் தொடவே கூடாது. சாதாரண ஜிம்காரருக்கும் அந்த முத்திரை நல்லதுதான். "இரண்டே வாரத்தில் வித்தியாசம்" என்று சொல்லும் டப்பாவில் வித்தியாசம் நிஜமாகவே தெரிந்தால்தான் எனக்குப் பயம் வரும்.

சிறுநீரகம் கெடுமா?

எல்லா வீட்டிலும் எழும் கேள்வி. சிறுநீரகம் நன்றாக இருக்கும் பெரியவர்களுக்கு, இங்கே பேசுகிற அளவுகளில், புரதத்தால் அது கெடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவருக்குப் புரதத்தைக் கட்டுப்படுத்துவதே சிகிச்சையின் ஒரு பகுதியாக இருக்கும். நீண்ட நாள் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பலருக்குத் தங்கள் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருப்பது தெரிவதே இல்லை. அவர்கள் டப்பா வாங்குவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கிரியேட்டின் எடுப்பவரின் அறிக்கையில், சிறுநீரகத்தின் நிலையைக் கணிக்க அளக்கும் கிரியேட்டினின் சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். எடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டால் வீண் பதற்றம் இருக்காது.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வே பவுடரில் பாலின் கால்சியம் இருக்கிறது. தைராய்டு மாத்திரையும் சில ஆன்டிபயாட்டிக்குகளும் கால்சியத்தோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, பத்தே நிமிடத்தில் ஷேக் என்று பழகியிருந்தால், நேரத்தை மாற்றுவது பற்றி மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு என் பதில் சுருக்கமானது: டப்பா வேண்டாம், இன்னொரு வேளை நல்ல சாப்பாடு போடுங்கள்.

வாங்கி, பிறகு நிறுத்தினால்?

"ஆரம்பித்தால் விடக் கூடாது, விட்டால் உடம்பு இறங்கிவிடும்" என்று ஜிம்மில் யாராவது பயமுறுத்துவார்கள். பவுடரை நிறுத்தியதால் மட்டும் தசை எங்கும் போகாது. பவுடரோடு ஜிம்மையும் நிறுத்துகிறவர்களுக்குத்தான் இறங்குகிறது; பழி டப்பாவின் மேல் விழுகிறது. ஒரு ஸ்கூப் தந்த 24 கிராமை அன்றைக்கே முட்டையிலோ பாலிலோ சோயாவிலோ சரிக்கட்டிவிட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தால், டப்பா தீர்ந்து போனது உடம்புக்குத் தெரியவே தெரியாது. முதல் தடவை வாங்கும்போது சிறிய டப்பாவாக வாங்கினால், அது தீர்ந்த மறுவாரம் சாப்பாட்டை மறுபடி எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததை வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளலாம்.